‘போர்ட்’ என்பது துறைமுகமும் அன்று, மறுவெளியீடும் அன்று

பழைய வீடியோ விளையாட்டுகள் கையடக்கக் கருவிகளுக்கு வரும்போது அவற்றைப் பற்றித் தமிழில் எழுதப்படும் குறிப்புகளில் இரண்டு பிழைகள் ஓயாமல் கண்ணில் படுகின்றன. ஒன்று, வேறு கருவிக்கு மாற்றி எழுதிய விளையாட்டைக் குறிக்கும் ‘போர்ட்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு இயந்திர மொழிபெயர்ப்பு ஈன்ற ‘துறைமுகம்’. நிண்டெண்டோவின் ‘சுவிட்ச்’ கருவிக்கு வந்த ஓர் ஆட்டத்தைப் பற்றி “இந்த விளையாட்டின் சுவிட்ச் துறைமுகம் சற்று மெதுவாக உள்ளது” என்று படிக்கும் ஒருவர், தூத்துக்குடியில் சரக்கு இறங்கத் தாமதமாகிறது போலும் என்று எண்ணினால் அவரைக் குறை சொல்ல முடியாது. மற்றொன்று, மனிதர்களே யோசித்து எழுதுகிற ‘மறுவெளியீடு’. முன்னதைச் சிரித்துவிட்டுக் கடந்துவிடலாம். பின்னது பார்வைக்குச் சரியாக இருப்பதாலேயே கேடு மிகுந்தது. அதைப் படிப்பவருக்குத் தாம் தவறாகப் புரிந்துகொண்டோம் என்ற ஐயம்கூட எழுவதில்லை.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஆங்கிலத்தில் ‘போர்ட்’ என்று ஒரே எழுத்துகளில் வழங்குபவை உண்மையில் மூன்று சொற்கள். கப்பல் அணையும் துறைமுகம், இலத்தீனத்தின் ‘போர்ட்டுஸ்’ என்பதிலிருந்து வந்தது. கணினியின் பக்கவாட்டில் கம்பியைச் செருகும் துளைக்கு வழங்கும் பெயர், வாயில் என்று பொருள்படும் ‘போர்ட்டா’வின் வழி. ஒரு கருவிக்கென எழுதப்பட்ட மென்பொருளை வேறொரு கருவியில் இயங்கும்படி செய்வதைக் குறிக்கும் ‘போர்ட்’, சுமந்து செல்லுதல் என்னும் ‘போர்ட்டாரே’யிலிருந்து வந்ததாகக் கொள்ளப்படுகிறது. ‘போர்ட்டபிள்’ என்று நாம் கையடக்கக் கருவிகளைச் சொல்வதும் அதே வேரிலிருந்துதான். ஆகவே கையடக்கக் கருவிக்கு ஒரு விளையாட்டை ‘போர்ட்’ செய்வது என்றால், சுமந்து திரியக்கூடிய ஒன்றுக்குள் பழையதைச் சுமந்துகொண்டு போய்ச் சேர்ப்பது. சுமப்பவர் ஒருவர் இருக்கிறார், சுமையும் இருக்கிறது என்பது இந்தச் சொல்லுக்குள்ளேயே அடங்கியிருக்கிறது.

‘மறுவெளியீடு’ மறைத்துவிடுவது இந்தச் சுமையைத்தான். இச்சொல் நம்மிடையே இவ்வளவு பரவியதற்குத் திரையுலகம் ஒரு காரணம். பழைய படங்கள் மெருகேற்றப்பட்டு மீண்டும் திரையரங்குகளுக்கு வரத் தொடங்கிய பிறகு, ‘ரீ-ரிலீஸ்’ என்பதற்கு இணையாக அது நிலைபெற்றது. அங்கே அது பொருத்தமும்கூட. முப்பது ஆண்டுக்கு முன் வெள்ளைத் திரையில் ஓடிய படம் இன்றும் வெள்ளைத் திரையில்தான் ஓடுகிறது. பார்ப்பவர் அன்று செய்தது போலவே நாற்காலியில் அமர்ந்து பார்க்கிறார். விளையாட்டு அப்படிப்பட்டது அன்று. அது எந்தக் கருவிக்காக எழுதப்பட்டதோ அந்தக் கருவியின் செயலி, திரை, பொத்தான்கள், ஒலிச்சில்லு ஆகிய அனைத்தையும் கணக்கில் வைத்து எழுதப்பட்டது. கருவி மாறிவிட்டால், வெளியிடுவதற்கு முன் அதை மறுபடி ஓடவைத்தாக வேண்டும்.

இதற்குச் சான்றாக ஒரே ஒரு விளையாட்டை நெருங்கிப் பார்ப்போம். ‘சூப்பர் மாரியோ வேர்ல்ட்’ 1990இல் ஜப்பானில் சூப்பர் ஃபாமிகாம் என்ற வீட்டுக் கருவிக்கு வெளிவந்தது. ‘சூப்பர் மாரியோ அட்வான்ஸ் 2’ என்ற பெயரில் அது கேம் பாய் அட்வான்ஸ் என்ற கையடக்கக் கருவிக்கு 2001 இறுதியில் ஜப்பானிலும் 2002இல் பிற நாடுகளிலும் வந்தது. முன்னதன் செயலி 16 பிட் வகை. பின்னதன் செயலி ஏஆர்எம் குடும்பத்தைச் சேர்ந்த 32 பிட் வகை. ஒன்றின் கட்டளை மற்றொன்றுக்குப் புரியாது. முன்னது தொலைக்காட்சித் திரையில் 256க்கு 224 பிக்சல்களில் காட்டியது. கையடக்கத் திரைக்கு 240க்கு 160தான். உயரத்தில் மட்டும் 64 வரிகள் காணாமற்போயின. மாரியோ எம்பிக் குதிக்கும்போது தலைக்கு மேலே என்ன இருக்கிறது என்பது தெரியாவிட்டால் ஆட்டமே கெட்டுவிடும் என்பதால், திரை அவரைப் பின்தொடரும் முறை முழுவதையும் அந்தச் சின்னச் சாளரத்துக்கு ஏற்ப அமைக்க வேண்டும்.

பொத்தான்களிலும் நெருக்கடிதான். பழைய கைப்பிடியின் முகப்பில் நான்கு, தோளில் இரண்டு. புதியதில் முகப்பில் இரண்டே. சுழன்று குதிக்கும் வித்தைக்கு முன்பு முகப்பில் தனிப் பொத்தான் இருந்தது. இப்போது அது வலத்தோள் பொத்தானுக்குப் போனது. முதலில் வந்த கேம் பாய் அட்வான்ஸின் திரைக்குப் பின்னொளி கிடையாது. சன்னலோரம் உட்கார்ந்து, கருவியைச் சாய்த்துச் சாய்த்துப் பிடித்து ஆடியவர்களுக்கு அந்த அவதி தெரியும். அதனால் பழைய வண்ணங்களை வெளிறச் செய்து, இருட்டுத் திரையிலும் தெரியும்படி மாற்றினார்கள். எட்டுத் தடங்களில் இசைத்த சோனியின் ஒலிச்சில்லும் புதிய கருவியில் இல்லை. ஒலிகளைக் கலக்கும் வேலையையும் செயலியே பார்க்க வேண்டியிருந்தது. அந்தக் காலத்துக் கையடக்க ‘போர்ட்’களில் இசை சற்றுக் கரகரப்பாகக் கேட்பதற்குக் காரணம் இதுதான். போதாததற்கு, இழப்பை ஈடுகட்டுவது போல, மாரியோவின் தம்பி லூயிஜி அவரைவிட உயரமாகக் குதிப்பார் என்று ஆட்டத்தின் விதியிலேயே கைவைத்தார்கள். இத்தனையும் செய்து முடித்த பொருளைக் கையில் கொடுத்து, இதற்குப் பெயர் ‘மறுவெளியீடு’ என்றால், செய்தவர்களின் உழைப்பு எங்கே போயிற்று?

சொல்லில் என்ன இருக்கிறது, பொருள் விளங்கினால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. பொருள் விளங்கவில்லை என்பதே என் வழக்கு. ‘மறுவெளியீடு’ என்று படித்த வாசகர், “பழைய சரக்குக்கு மறுபடியும் காசா?” என்று கேட்கிறார். அவர் கையிலிருக்கும் சொல்லை வைத்துப் பார்த்தால் அந்தக் கேள்வி முற்றிலும் நியாயமானது. கிடங்கில் கிடந்ததைத் தூசி தட்டி எடுத்து வைப்பதும், பல மாதங்கள் உட்கார்ந்து வேறு கருவிக்கு மாற்றி எழுதுவதும் ஒரே பெயரில் வந்தால், விலையையும் தரத்தையும் எந்த அளவுகோலால் அளப்பது? நன்றாகச் செய்த ‘போர்ட்’டைப் பாராட்டவும் முடியாது; அரைகுறையாகச் செய்ததைக் கண்டிக்கவும் முடியாது. பதிப்புத் துறையில் நாம் முன்பே செய்துவைத்திருக்கும் குழப்பம் இது. எழுத்துப்பிழையைக்கூடத் திருத்தாமல் அப்படியே அச்சடித்துவிட்டு அட்டையில் ‘இரண்டாம் பதிப்பு’ என்று போடுகிறோம். மறுஅச்சு வேறு, திருத்திய பதிப்பு வேறு என்பதைப் பல பதிப்பாளர்களே மறந்துவிட்டார்கள். அந்த அலட்சியம்தான் இப்போது விளையாட்டுகளின் பக்கமும் வந்திருக்கிறது.

சரியான சொல்லைத் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. ‘பெயர்ப்பு’ இருக்கிறது. ஒரு மொழியில் உள்ளதை மற்றொரு மொழிக்குக் கொண்டுசெல்வதை மொழிபெயர்ப்பு என்கிறோம். ஒரு கருவியில் இயங்குவதை இன்னொன்றுக்குக் கொண்டுசெல்வது கருவிப்பெயர்ப்பு. இடம் தெளிவாக இருந்தால் வெறும் பெயர்ப்பு. ‘சுவிட்சுக்குப் பெயர்த்திருக்கிறார்கள்’, ‘பெயர்ப்பு சரியில்லை’ என்று வினையாகவும் பெயராகவும் இயல்பாக நிற்கிறது. இதற்கு எதிராகச் சொல்லப்படும் தடை ஒன்றுண்டு: பெயர்த்தல் என்றால் இருந்த இடத்திலிருந்து பிடுங்கி எடுப்பது ஆயிற்றே, பழைய கருவியில் விளையாட்டு அப்படியேதானே இருக்கிறது என்பது அது. மொழிபெயர்த்த பிறகும் மூலம் இருந்த இடத்தில்தான் இருக்கிறது. அதற்காக யாரும் அந்தச் சொல்லைத் தள்ளிவைக்கவில்லை.

‘தளமாற்றம்’ என்று சிலர் எழுதுவதையும் பார்க்கிறேன். ‘துறைமுக’த்தோடு ஒப்பிட்டால் அது எவ்வளவோ மேல். ஆனால் அதைக் கேட்டால் மாறியது தளம் என்று தோன்றுகிறது. மாற்றப்பட்டது விளையாட்டு என்பது பின்னுக்குப் போய்விடுகிறது. தவிரவும், ‘மாற்றம்’ என்ற சொல்லுக்கு நாம் ஏற்கெனவே கொடுத்திருக்கும் வேலைகள் போதும் போதும் என்ற அளவுக்கு இருக்கின்றன. இவை இரண்டும் பிடிக்காதவர்கள் ‘போர்ட்’ என்றே தமிழில் எழுதிவிட்டுப் போகட்டும். தூய தமிழ் என்ற பெயரில் பொருளைக் கெடுப்பதைவிடக் கடன்சொல் நல்லது.

பெயர்ப்பு என்ற ஒன்றை வகுத்துக்கொண்டதும் மற்றவையும் தத்தம் இடத்தில் அமர்கின்றன. தொல்காப்பிய மரபியல் வழிநூலைத் தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்த்தல் என நான்காகப் பிரிக்கிறது. முன்னோர் நூலின் முடிபோடு ஒத்துப்போய், பின்னோன் வேண்டும் வேறுபாடுகளையும் சேர்த்துச் சொல்வது வழிநூல் என்கிறது நன்னூல். மூலம் ஒன்று, அதிலிருந்து கிளைப்பவை பல என்பதற்கு நம்மிடம் இவ்வளவு நுணுக்கமான பாகுபாடு இருக்கும்போது, எல்லாவற்றையும் ‘மறு’ என்ற ஒரே முன்னொட்டில் கட்டிப்போடுவது ஏனோ?

‘லிங்க்ஸ் அவேக்கனிங்’ என்ற செல்டா விளையாட்டில் இந்தப் பாகுபாட்டைப் பொருத்திப் பார்க்கலாம். 1993இல் கேம் பாய்க்காக வந்தது முதலாக்கம்: 160க்கு 144 பிக்சல் திரை, சாம்பல் சாயலில் நான்கே நிறங்கள். 1998இல் கேம் பாய் கலருக்கு வந்த ‘டிஎக்ஸ்’, வண்ணம் பெற்றதோடு, நிறங்களை வைத்தே புதிர்கள் அமைத்த ஒரு நிலவறையையும், ஆட்டத்துக்குள் எடுக்கும் புகைப்படங்களைச் சிறிய அச்சுப்பொறியில் அச்சிடும் வசதியையும் சேர்த்துக்கொண்டது, இது விரித்தல். 2011இல் அதே டிஎக்ஸ், நிண்டெண்டோ 3டிஎஸ் கருவியின் இணையக் கடையில் கிடைத்தது. பழைய கருவியைப் போலவே நடந்துகொள்ளும் எமுலேட்டர் மென்பொருளுக்குள் பழைய விளையாட்டு அப்படியே ஓடியது. ‘மறுவெளியீடு’ என்ற சொல் பொருந்தும் இடம் இதுதான். 2019இல் சுவிட்சுக்கு வந்ததோ மறுவாக்கம். கதையும் வரைபடமும் பழையவை; உருவங்கள் பொம்மைகளைப் போல முப்பரிமாணத்தில் புதிதாகச் செய்யப்பட்டன. கட்டம் கட்டமாகத் தாவிய தீவின் நிலப்பரப்பு, தொடர்ச்சியாக நகரத் தொடங்கியது. பழையதில் இரண்டே பொத்தான்கள் என்பதால் கல்லைத் தூக்க ஒரு முறை, வாளை எடுக்க மறுமுறை என்று மெனுவைத் திறந்து மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். புதியதில் வாளுக்கும் கேடயத்துக்கும் தனித்தனிப் பொத்தான்கள் கிடைத்தன. முதலாக்கத்துக்குப் பின் வந்த இந்த மூன்றையும் ‘மறுவெளியீடு’ என்று எழுதினால், எதை வாங்குவது என்று கேட்கும் சிறுவனுக்கு என்ன விடை சொல்வது?

மொழிபெயர்ப்பாளர்கள் மீது எனக்குள்ள குறை, அவர்கள் சொல்லைப் பார்க்கிறார்களே ஒழியப் பொருளைப் பார்ப்பதில்லை என்பது. இது தமிழர்களுக்கு மட்டும் உரிய நோய் அன்று. 1992இல் ஜப்பானில் வந்த ‘ஃபைனல் ஃபேன்டசி 5’, 1999இல் பிளேஸ்டேஷனுக்கு முதன்முறையாக ஆங்கிலத்தில் வந்தபோது, ‘வைவெர்ன்’ என்ற பறக்கும் நாகத்தின் பெயர் ‘ஒய் பர்ன்’ என்று அச்சாகியிருந்தது. ஜப்பானிய எழுத்தில் ‘வைபான்’ என்று இருந்ததை, திரையில் சிறகடிக்கும் விலங்கைப் பாராமல் ஒலியை மட்டும் பிடித்துக்கொண்டதன் விளைவு. 2006இல் கேம் பாய் அட்வான்ஸுக்குப் பெயர்க்கப்பட்டபோதுதான் அந்த ஆட்டத்துக்கு நல்ல ஆங்கிலம் வாய்த்தது. பழைய விளையாட்டைக் கையடக்கக் கருவிக்குக் கொண்டுவருவதால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு இது ஒரு விடை. அதே வரிசையில் 1990இல் வந்த மூன்றாம் பாகத்தின் கதை இன்னும் வலுவானது: 2006இல் டிஎஸ் கருவிக்கு மறுவாக்கம் செய்யப்படும்வரை அது ஜப்பானுக்கு வெளியே முறைப்படி விற்கப்படவே இல்லை. ஜப்பானுக்கு வெளியே இருந்தவர்களுக்கு அந்த ‘மறு’ வெளியீடுதான் முதல் வெளியீடு!

அப்படியே ஓடவைக்கும் எளிய மறுவெளியீட்டையும் நான் இழிவாகக் கருதவில்லை. அமெரிக்காவின் வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023இல் வெளியிட்ட ஆய்வின்படி, அந்நாட்டில் 2010க்கு முன் வந்த பழைய விளையாட்டுகளில் 87 விழுக்காடு அப்போது கடையில் வாங்கக் கிடைக்கவில்லை. கேம் பாய் குடும்பத்தில் கிடைத்தவை 6 விழுக்காட்டுக்கும் குறைவு. அதே ஆண்டு மார்ச் 27 அன்று 3டிஎஸ் இணையக் கடையில் விற்பனை நின்றது. அங்கு மட்டுமே வாங்க முடிந்த பழைய ஆட்டங்களும் அன்றோடு விற்பனையிலிருந்து மறைந்தன. இந்த நிலையில் ஒரு பழைய விளையாட்டை மாற்றமின்றிக் கையில் கொடுப்பதும் பெரிய தொண்டுதான். அந்தத் தொண்டுக்கென்றே ‘மறுவெளியீடு’ என்ற சொல்லைத் தனியே காத்துவைக்க வேண்டும் என்கிறேன்.

எஞ்சியிருப்பது ‘ரீமாஸ்டர்’. இங்கே ‘மாஸ்டர்’ என்பது ஒலிப்பதிவுக் கூடத்தில் படிகள் எடுப்பதற்கு அடிப்படையான மூலப்படி. அதைப் புதிதாகத் துலக்கி எடுப்பது ‘ரீமாஸ்டர்’. இதற்கு இயந்திரம் தரும் ‘மறுசீரமைப்பு’ அரசு ஆணைகளில் துறைகளைக் கலைத்து அடுக்குவதற்கு உரிய சொல், விளையாட்டுக்கு ஒட்டாது. ‘மெருகேற்றிய பதிப்பு’ என்று இப்போதைக்கு எழுதிவருகிறேன். ஆனால் 2002இல் கேம்கியூப் என்ற வீட்டுக் கருவிக்கு வந்து 2023இல் சுவிட்சுக்கு ‘ரீமாஸ்டர்’ என்ற பெயரோடு வந்த ‘மெட்ராய்டு பிரைம்’ போன்றவற்றில், உருவங்களும் மேற்பரப்புகளும் ஒளியமைப்பும் பெரும்பாலும் புதிதாகவே செய்யப்பட்டிருக்கின்றன. வெளியிட்டவர்கள் அட்டையில் என்ன பெயர் போட்டிருந்தாலும், அதைத் தமிழில் ‘மறுவாக்கம்’ என்று எழுதுவதற்கே என் கை போகிறது.