அது வெறும் சுவர் இல்லைங்க

தீபாவளி, பொங்கல் நெருங்கினால் பெயின்ட் கடைக்காரருக்கு மட்டுமல்ல, எனக்கும் வேலை கூடிவிடுகிறது. நான் கட்டடப் பொறியாளர். புது வீட்டுக்கு வரைபடம் கேட்டு வருகிறவர்கள் அல்ல, சொந்த வீட்டைத் தாங்களே கொஞ்சம் உடைத்துப் பார்த்துவிட்டு வருகிறவர்கள்தான் அப்போது அதிகம்.

இந்த முறை வந்தது கும்பகோணத்துக்குப் பக்கத்து ஊரிலிருந்து. மாமனார் 1980-களில் கட்டிய சின்ன வீடு. ஹாலுக்கும் சமையலறைக்கும் நடுவில் இருந்த சுவரை மருமகன் வாடகைக்கு எடுத்த பிரேக்கர் மெஷினால் தானே இடித்து, அங்கே கிரானைட் மேடை போட்டு, மேலே தொங்குவிளக்கும் மாட்டிவிட்டார். எல்லாம் அழகாகத்தான் இருந்தது. போனில் அவர் என்னிடம் கேட்டது இதுதான்: "சார், சீலிங்ல கோடு மாதிரி ஒரு வெடிப்பு வருது. என்ன பட்டி வெச்சா திரும்ப வராது?"

போய்ப் பார்த்தேன். அந்தக் கோடு அறையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஓடியிருந்தது. தளம் கண்ணுக்குத் தெரியும் அளவுக்குத் தொய்ந்திருந்தது. மேலே ஆயிரம் லிட்டர் தண்ணீர்த் தொட்டி வேறு. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அத்தை வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டு, சென்ட்ரிங் ஆளை வரவழைத்து அன்றிரவே முட்டு கொடுத்தோம்.

"பில்லரை நான் தொடவே இல்லையே சார், வெறும் சுவரைத்தானே எடுத்தேன்" என்றார் அவர். எத்தனை பேர் வாயில் இதே வாக்கியத்தைக் கேட்டுவிட்டேன்! இந்தக் கட்டுரையே அதற்காகத்தான்.

தம்பி, அந்த வீட்டில் பில்லரே கிடையாது. சுவர்தான் பில்லர்.

இன்று கண்ணெதிரே எழும்பும் வீடுகளில் முதலில் பில்லரும் பீமும் நிற்கின்றன, செங்கல் பிறகு வருகிறது. அதைப் பார்த்துப் பழகியவர்களுக்குச் சுவர் என்றால் மறைப்பு. வெளிநாட்டு வீடியோக்களில் சுத்தியலால் நாலு போடு போட்டதும் சுவர் பெயர்ந்து விழுகிறதே, அது மரச்சட்டத்தில் அடித்த ஜிப்சம் பலகை. அங்கேயும் எந்தச் சுவர் பாரம் தாங்குகிறது என்று பார்த்துவிட்டுத்தான் உடைக்கிறார்கள், அந்தப் பகுதி வீடியோவில் வருவதில்லை. நம் ஊர்களில் ஒரு தலைமுறைக்கு முன் கட்டிய சின்ன வீடுகள் பெரும்பாலும் ஒன்பது அங்குலச் சுவர்மேல் நேராகத் தளத்தை உட்காரவைத்தவை. இன்னும் பழைய மெட்ராஸ் டெரஸ் (மர உத்தரத்தின்மேல் செங்கலும் சுண்ணாம்பும் வைத்துப் போட்ட தளம்) என்றால் தேக்கு உத்தரங்கள் சுவரில்தான் தலைவைத்துப் படுத்திருக்கும்.

பாரம் எவ்வளவு என்று கேட்பீர்கள். பத்துக்குப் பன்னிரண்டு அறை, ஐந்து அங்குலக் காங்கிரீட் தளம் என்றால் தளம் மட்டும் சுமார் 3.5 டன். அதன்மேல் போட்ட செங்கல் ஜல்லி, சுண்ணாம்பு, தட்டோட்டையும் சேர்த்தால் 5 டன்னை ஒட்டி வரும். ஓர் அறைக்கு மட்டும் இந்தக் கணக்கு. நடுச்சுவருக்கு இரண்டு பக்கமும் அறை உண்டு.

கொஞ்சம் கூடுதலாகவே விளக்குகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நடுச்சுவரின்மேல் தளம் தொடர்ந்து போகிறது என்று வையுங்கள். அதை எடுத்தால் பத்தடி இடைவெளி இருபதடி ஆகிறது. இடைவெளி இரட்டித்தால் தளத்தை வளைக்கும் விசை இரட்டிப்பதில்லை, நான்கு மடங்காகிறது. அதைவிட மோசமான ஒன்று உண்டு. அந்தக் காலத்துக் கம்பி கட்டும் முறையில், சுவரை நெருங்கும்போது அடிக்கம்பியில் ஒன்றுவிட்டு ஒன்றை மேலே மடக்கிவிடுவார்கள். கிராங்க் கம்பி என்று எந்தக் கம்பி கட்டுநரைக் கேட்டாலும் சொல்வார். ஆக, சுவரை எடுத்ததும் எந்த இடத்துக்கு அடியில் கம்பி அதிகம் வேண்டுமோ அங்கேதான் கம்பி குறைவு. சுவர் இருக்கும் என்று நம்பித்தான் அப்படிக் கட்டினார்கள்.

கை வசதிப்படி அறை அறையாகச் சேர்த்துக் கட்டிய வீடு என்றால் நிலைமை வேறு. ஒரு தளம் சுவரின் இந்தப் பாதியில் முடியும், பின்னால் போட்ட தளம் அந்தப் பாதியில் தொடங்கும். அங்கே சுவரை எடுத்தால் தளம் தொய்வதோடு நிற்காது, விழும்.

"உடைச்சு ஆறு மாசம் ஆச்சு, ஒண்ணும் ஆகலையே" என்பவர்களும் உண்டு. காங்கிரீட் பெரும்பாலும் உடனே முறிவதில்லை, மெல்ல மெல்லத் தொய்யும். மழையில் மேலே போட்ட செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் ஊறிப் பாரம் கூடும். அப்புறம் ஒரு நாள் கோடு தெரியும். தட்டிப் பார்த்துச் சத்தத்தை வைத்துப் பாரம் தாங்கும் சுவரைக் கண்டுபிடிக்கிற வித்தையையும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். நிலைப்படி பக்கம் டேப் வைத்து அளந்தால் பூச்சோடு சேர்த்துப் பத்து அங்குலம் வருகிறதா? பாரம் தாங்கும் சுவர் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்தரை அங்குலம் வந்தால் உடனே பிரேக்கரைத் தூக்க வேண்டாம். மெல்லிய சுவரின்மேல் லாஃப்ட்டோ தளத்தின் ஓரமோ உட்கார்ந்திருப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

முறையாக எடுக்க வழியே இல்லையா என்றால், இருக்கிறது. சுவரின் இரண்டு பக்கமும் தளத்துக்கு ஜாக்கி முட்டு, பிறகு இரும்பு ஐ-செக்‌ஷன் பீம், அது உட்காரும் இரு முனையிலும் காங்கிரீட் மெத்தை, அந்த முனைகளுக்குக் கீழே கடைக்கால் அவ்வளவு பாரத்தையும் தாங்குமா என்ற கணக்கு. இதை ஞாயிற்றுக்கிழமை வேலையாகச் செய்ய முடியாது. பொறியாளருக்குக் கொடுக்கும் கட்டணம் பெரும்பாலும் நீங்கள் வாங்கப்போகும் அந்தத் தொங்குவிளக்குகளின் விலைக்குள்தான் வரும். (எங்கள் தொழிலில் பேரம் பேசாதவர் யாரும் இல்லை, அதையும் பேசிக்கொள்ளலாம்.)

ஜன்னலை அகலப்படுத்துகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஜன்னலுக்கு மேலே பாரத்தைத் தாங்கும் லிண்டல் இரண்டு பக்கமும் ஆறு முதல் ஒன்பது அங்குலம் சுவருக்குள் உட்கார்ந்திருக்கும். நீங்கள் பக்கத்துக்கு ஆறு அங்குலம் வெட்டினால் அது எதன்மேல் உட்காரும்?

ஒயர் பதிக்க, தண்ணீர்க் குழாய் பதிக்கச் சுவரில் காடி எடுக்கிறீர்களா? மேலிருந்து கீழாக எடுங்கள். செங்கல் சுவர்களுக்கான இந்தியத் தர விதியான ஐ.எஸ். 1905-இன்படி செங்குத்துக் காடி சுவர்க் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு ஆழம் போகலாம், படுக்கைக் காடி ஆறில் ஒரு பங்குதான். ஒன்பது அங்குலச் சுவரில் அது வெறும் ஒன்றரை அங்குலம். அறை நீளத்துக்கும் படுக்கையாக அறுத்து, "நீட்டா இருக்கு" என்று என்னிடம் காட்டாதீர்கள்.

பெயின்ட் வேலை தாராளமாக நீங்களே செய்யலாம். ஆனால் ஓதம் ஏறிய சுவரில் மட்டும் வேண்டாம். உப்புப் பூத்து உதிரும் இடத்தில் எந்த விலை பெயின்ட் அடித்தாலும் பொரிந்துதான் வரும். அதன்மேல் பிவிசி பேனல் ஒட்டி மறைத்தால் ஓதம் போய்விட்டதாக அர்த்தமில்லை, உங்கள் கண்ணில் படவில்லை, அவ்வளவுதான். முதலில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். பாத்ரூம் குழாய்க் கசிவா, வெளியே மண் பேஸ்மட்டத்துக்கு மேல் ஏறிவிட்டதா?

பழைய ஜன்னல் கம்பி, கதவில் இருக்கும் எனாமல் பெயின்டைக் காய்ந்தபடியே உப்புத்தாளால் தேய்க்க வேண்டாம். வீட்டுப் பெயின்டில் ஈயம் 90 பிபிஎம்-ஐ (பத்து லட்சத்தில் 90 பங்கை) தாண்டக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பூச்சில் என்ன இருக்கிறதென்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. தண்ணீர் தொட்டுத் தேயுங்கள், குழந்தைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டைக் கட்டிங் மெஷினால் அறுப்பதை நினைக்கவே நினைக்காதீர்கள், அந்தத் தூசி நுரையீரலுக்கு எமன். சுவிட்சு போர்டுக்கு நேர் மேலேயும் நேர் கீழேயும் டிரில் போடாதீர்கள், ஒயர் பெரும்பாலும் அங்கேதான் ஓடும். மெயினை அணைத்துவிட்டுப் போடுங்கள் என்றால் டிரில்லுக்குக் கரன்ட் பக்கத்து வீட்டிலிருந்தா என்று கேட்காதீர்கள், பேட்டரி டிரில் வாடகைக்குக் கிடைக்கிறது.

ஏற்கெனவே சுவரை எடுத்துவிட்டவர்களிடம் கோபமில்லை, கெஞ்சிக் கேட்கிறேன். வெடிப்பின்மேல் பட்டி பூச வேண்டாம், பூசினால் அது வளர்கிறதா என்று எனக்கே தெரியாமல் போகும். வெடிப்பு முடியும் இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டுத் தேதியைப் பக்கத்தில் எழுதுங்கள். மொட்டைமாடித் தொட்டியைத் திறந்து காலி செய்யுங்கள், அங்கே அடுக்கியிருக்கும் பூந்தொட்டிகளையும் இறக்குங்கள். எடுத்த சுவர் இருந்த கோட்டில் சென்ட்ரிங் ஆளை வைத்து முட்டு கொடுங்கள், அடியில் பலகை வைக்க மறக்க வேண்டாம், இல்லாவிட்டால் முட்டு டைல்ஸை உடைத்துக்கொண்டு இறங்கும். முட்டு கொடுத்து முடிக்கும்வரை அந்த அறையில் யாரும் படுக்க வேண்டாம். அப்புறம் பக்கத்தில் இருக்கும் பொறியாளரைக் கூப்பிடுங்கள். அவர் வந்து கத்தினால் கொஞ்சம் கேட்டுக்கொள்ளுங்கள்.