துபாய் போகும் புது சி.ஏ.க்களுக்கு: செப்டம்பர் 28 ஏன் முக்கியம்?

மே மாதம் சி.ஏ. இறுதித் தேர்வு எழுதியவர்களுக்கு ஜூலையில் முடிவு வரும். துபாயில் வேலை உறுதியாகி, சான்றிதழ்களுக்கு அத்தாட்சி வாங்கி, விசா கைக்கு வருவதற்குள் செப்டம்பர் ஆகிவிடும். "இருந்தது இருந்தாய், தீபாவளி முடிந்து போயேன்" என்பார் அம்மா. பத்து நாள் தள்ளிப் போனால் என்ன வந்துவிடும்? வரி வந்துவிடும்.

ஒருவர் இந்தியாவில் வசிப்பவரா இல்லையா என்பதை வருமான வரிச் சட்டம் நாள் கணக்கை வைத்தே முடிவு செய்கிறது. ஏப்ரல் முதல் மார்ச் வரையிலான ஆண்டில் 182 நாளோ அதற்கு மேலோ இங்கே இருந்தால் வசிப்பவர். அந்த ஆண்டில் 60 நாளும், முந்தைய நான்கு ஆண்டுகளில் மொத்தம் 365 நாளும் இருந்தாலும் அப்படித்தான். ஆனால் வேலைக்காக நாட்டைவிட்டுக் கிளம்பும் இந்தியக் குடிமக்களுக்கு, கிளம்பும் ஆண்டில் அந்த 60 நாள் 182 ஆகத் தளர்கிறது. 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் 6ஆம் பிரிவு சொல்வது இது. அதன் இடத்தைப் பிடிக்கும் 2025ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இந்த வரம்புகள் மாறவில்லை. தேர்வுக்காக உருப்போட்ட இந்தப் பிரிவைத் தன் பயண டிக்கெட்டோடு பொருத்திப் பார்க்கத்தான் பலருக்கும் தோன்றுவதில்லை.

ஏப்ரல் முதல் ஆகஸ்ட் முடிய 153 நாள். செப்டம்பர் 28 அன்று விமானம் ஏறினால், கிளம்பும் நாளையும் சேர்த்து 181. மறுநாள் ஏறினால் 182. அந்த ஒரு நாளில், மார்ச் வரை துபாயில் வாங்கும் சம்பளமும் இந்திய வரிக் கணக்குக்குள் வந்துவிடும். இங்கேயே பிறந்து வளர்ந்து படித்தவருக்கு உலகில் எங்கே சம்பாதித்தாலும் கணக்கு இங்கேதான். துபாயில் சம்பளத்துக்கு வருமான வரி இல்லை என்பதால், அங்கே கட்டியதை இங்கே கழித்துக்கொள்ளவும் வழியில்லை.

மாதம் 12,000 திர்ஹாம், ஆறு மாதம், ஒரு திர்ஹாம் 24 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம்: 17.28 லட்சம். வேறு வருமானம் இல்லாவிட்டாலும், 2025-26இன் புதிய வரி முறையில், 75,000 ரூபாய் நிலையான கழிவு போக, வரி சுமார் 1.36 லட்சம். சம்பளம் 8,000 திர்ஹாம் என்றால் 12 லட்சத்துக்குள் அடங்கித் தள்ளுபடியில் வரி நீங்கிவிடும். ஆனாலும் வருமானத்தைக் காட்ட வேண்டும். அங்கே திறந்த வங்கிக் கணக்கையும் வெளிநாட்டுச் சொத்து அட்டவணையில் எழுத வேண்டும்.

செப்டம்பர் 15லேயே போய்விட்டோம் என்று நிம்மதியாக இருப்பவர்களுக்கும் ஒரு பொறி உண்டு. அதுவரை 168 நாள். பொங்கலுக்கு வந்து இரண்டு வாரம் தங்கினால் 182. அந்த ஆண்டு விடுப்பை மார்ச் 31க்குப் பிறகு வைத்துக்கொள்வது நல்லது.

விசிட் விசாவில் போய் வேலை தேடுகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். தளர்வு, வேலைக்காகக் கிளம்பியவருக்குத்தான். சுற்றிப் பார்க்கப் போனார் என்று அதிகாரி வாதிட்டால் 60 நாள் கணக்குக்குள் போய் விழலாம். நேர்காணல் அழைப்பு, நிறுவனத்துடனான கடிதப் போக்குவரத்து எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள்.

வங்கிக்கு வேறு கணக்கு. அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டமான ஃபெமா 182 நாளுக்குக் காத்திருப்பதில்லை. வேலைக்கென்று கிளம்பியதுமே நீங்கள் வெளிநாட்டில் வசிப்பவர். அக்டோபரில் போனவர், வரித்துறைக்கு அந்த ஆண்டு முழுவதும் உள்ளூர்க்காரர், வங்கிக்கு வெளியூர்க்காரர். சாதாரண சேமிப்புக் கணக்கை, வெளிநாட்டில் வசிப்பவர் இந்தியாவில் வரும் பணத்துக்கு வைத்துக்கொள்ளும் என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றச் சொல்லிவிட வேண்டும். அங்கிருந்து அனுப்பும் பணத்துக்கு என்.ஆர்.இ. கணக்கு திறக்கலாம். பொது வருங்கால வைப்பு நிதியான பி.பி.எஃப். ஏற்கெனவே இருந்தால் முதிர்வு வரை தொடரலாம். புதிதாகத் தொடங்க முடியாது.

அடுத்த ஜூலையில் கணக்குத் தாக்கல் செய்யும்போது வரிப் படிவங்களில் ஐ.டி.ஆர்-1 உதவாது, ஐ.டி.ஆர்-2 எடுக்க வேண்டும். பாஸ்போர்ட்டில் குடியேற்ற முத்திரை விழுந்த பக்கங்களை அதற்குள் ஸ்கேன் செய்து வைத்துவிடுங்கள்.