கியர் ஆயில் மாற்றியாச்சு சரி, எந்தப் பெட்டியில்?

பின்பக்கம் உறுமுகிறது என்று நான்கு சக்கரமும் இழுக்கும் ஆல்வீல் டிரைவ் எஸ்யூவி இன்னொன்று வந்து நிற்கிறது. வண்டிக்காரர் அக்கறையானவர். எல்லா சர்வீஸ் பில்லையும் ஃபைலில் கோத்து வைத்திருக்கிறார். "கியர் ஆயிலெல்லாம் காலாகாலத்துல மாத்திட்டுத்தான் வர்றேன் அண்ணே, நீங்களே பாருங்க" என்று எடுத்து நீட்டினார். பில்லில் "கியர் ஆயில் மாற்றப்பட்டது" என்று ஒரே ஒரு வரி.

வண்டியைத் தூக்கினோம். பின் டிஃபரன்ஷியலின், அதாவது பின்சக்கரம் இரண்டுக்கும் விசையைப் பிரித்துத் தரும் பல்சக்கரப் பெட்டியின், ஆயில் ஊற்றும் துளையை மூடும் ஃபில்லர் போல்ட்டில், தயாரிப்பின்போது வைத்த மஞ்சள் பெயிண்ட் கோடு போல்ட்டிலிருந்து ஹவுசிங் வரைக்கும் அறுபடாமல் அப்படியே இருந்தது. அதாவது அந்த போல்ட்டில் இதுவரை ஒரு ஸ்பானர்கூடப் பட்டதில்லை. திறந்து வடித்தபோது கன்னங்கரேலென்று, பினியன் என்ற சின்னப் பல்சக்கரத்தின் சீல் கசிந்து பாதியாகிப் போன ஆயில் வந்தது. ஆயிலை வடிக்கும் ட்ரெயின் போல்ட்டின் காந்தத்தில் ஊசி ஊசியாக இரும்புச் சில்லுகள். பினியன் சுற்றிவிடும் பெரிய பல்சக்கரமான கிரவுன் வீலின் பற்களில் நீளவாக்கில் கீறல். இனி அதில் புது ஆயில் ஊற்றிப் பயனில்லை, பினியன், கிரவுன் வீல் செட்டையே மாற்றியாக வேண்டும். சின்ன டப்பா ஆயிலில் முடிந்திருக்க வேண்டிய வேலை இது.

இவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. செலவுக்கு அஞ்சியவரில்லை, சர்வீஸைத் தள்ளிப்போட்டவரும் இல்லை. ஆனால் இந்த வகை வண்டியில் கியர் ஆயில் ஒரே பெட்டியில் இல்லை என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. அதைத்தான் இங்கே அழுத்திச் சொல்லப்போகிறேன்.

முன்சக்கரம் மட்டும் இழுக்கும் காரில் கியர்பாக்ஸும் டிஃபரன்ஷியலும் ஒரே கூட்டுக்குள் இருக்கும், பெரும்பாலும் ஒரே ஆயிலில் ஓடும். ஒரு முறை வடித்து ஊற்றினால் இரண்டுக்கும் ஆயிற்று. அந்தப் பழக்கத்திலேயே ஆல்வீல் டிரைவ் வண்டியையும் பார்க்கிறார்கள். தவறு அங்கேதான் தொடங்குகிறது. இந்த வண்டியின் அடியில் படுத்து முன்னாலிருந்து பின்னால் வரை கண்ணால் தொடர்ந்து வாருங்கள். முதலில் கியர்பாக்ஸ். எஞ்சின் குறுக்காக உட்கார்ந்த வண்டியென்றால் அதன் பக்கத்திலேயே ஒட்டியபடி, விசையைப் பின்னால் அனுப்பும் ஒரு சின்னப் பெட்டி, பவர் டிரான்ஸ்ஃபர் யூனிட். எஞ்சின் நெடுக்காக இருந்தால் பல வண்டிகளில் அதற்குப் பதில் அதே வேலைக்கு டிரான்ஸ்ஃபர் கேஸ். அங்கிருந்து ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் என்ற நீளத் தண்டு பின்னால் ஓடும். அதன் முடிவில் பின் டிஃபரன்ஷியல். பல வண்டிகளில் அந்த டிஃபரன்ஷியலின் மூக்கில், தேவைப்படும்போது பின்சக்கரத்தை இணைக்கும் ஒரு கிளட்ச் கப்ளிங். இவற்றில் பெரும்பாலானவற்றுக்குத் தனி ஆயில், தனி ஃபில்லர், தனி ட்ரெயின். ஒன்றில் ஊற்றியது இன்னொன்றுக்குப் போகாது. இடையில் சீல் இருக்கிறது.

இதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. "மேலே ஊத்தினா கீழே எல்லாத்துக்கும் போயிடாதா?" என்று கேட்கிறார்கள். போகாது. "ஒரே டப்பாவுல எல்லாத்துக்கும் ஊத்திடலாமே?" கூடாது. "டீலர் கம்ப்யூட்டர்ல கியர் ஆயில் டிக் ஆகியிருக்கே?" எந்தப் பெட்டிக்கு டிக் ஆகியிருக்கிறது என்று கேளுங்கள். சர்வீஸ் முடிந்து வண்டியை எடுக்கும்போது ஒவ்வொரு பெட்டிக்கும் எந்த ஆயில், என்ன கிரேடு, எத்தனை லிட்டர், எத்தனை கிலோமீட்டரில் என்று தனித்தனி வரியாக எழுதி வாங்குங்கள். முறையாக வேலை செய்கிறவர் யாரும் இதற்குக் கோபப்பட மாட்டார். லிட்டரை ஏன் கேட்கச் சொல்கிறேன் என்றால், பின் டிஃபரன்ஷியல் பல எஸ்யூவிகளில் ஒரு லிட்டருக்குள்தான் கொள்ளும், முன்பக்கச் சின்னப் பெட்டியும் அப்படித்தான். அவ்வளவு குறைந்த ஆயிலில், அதுவும் சைலன்சர் குழாயையும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரையும் ஒட்டிய சூட்டில், அந்த முன்பக்கப் பெட்டி ஓடுகிறது. கால் லிட்டர் கசிந்தாலே அதற்குப் பெரிய இழப்பு. ஆனாலும் சர்வீஸில் கண்ணில் படாமலே போவது பெரும்பாலும் அந்தப் பெட்டிதான்.

எல்லா வண்டிக்கும் ஒரே கணக்கும் கிடையாது. சுபாருவின் மேனுவல் கியர்பாக்ஸில் முன் டிஃபரன்ஷியலும் கியர்களும் ஒரே ஆயிலைப் பகிர்ந்துகொள்ளும். அதே சுபாருவின் ஆட்டோமேட்டிக் வண்டிகளில் முன் டிஃபரன்ஷியலுக்குத் தனி ஆயில். ஹால்டெக்ஸ் என்ற வகைக் கிளட்ச் கப்ளிங் உள்ள வண்டிகளில் கப்ளிங்குக்கு ஒரு ஆயில், அதை ஒட்டியிருக்கும் டிஃபரன்ஷியலுக்கு வேறொரு ஆயில். ஹோண்டாவின் பல ஆல்வீல் டிரைவ் வண்டிகளில் பின் டிஃபரன்ஷியலுக்குள்ளேயே கிளட்சும் பம்பும் இருப்பதால், அதற்கென்றே ஒரு திரவம் தருகிறார்கள். அதில் சாதாரண கியர் ஆயிலை ஊற்றினால் கிளட்ச் பிடிக்காது, திருப்பத்தில் முனகும். அதனால்தான் மனப்பாடக் கணக்கை நம்பாதீர்கள் என்கிறேன். வண்டியோடு வந்த புத்தகத்தைத் திறந்து பாருங்கள். பத்து நிமிட வேலை.

அடுத்து, "தரமான ஆயில்தான் ஊத்தினேன்" என்கிறவர்கள். பிராண்ட் இரண்டாவது விஷயம். டப்பாவில் முதலில் பார்க்க வேண்டியது அமெரிக்கப் பெட்ரோலிய அமைப்பான ஏபிஐ வகுத்த வகை: ஜிஎல்-4 அல்லது ஜிஎல்-5. எண் பெரிதாக இருப்பதால் ஜிஎல்-5 உயர்ந்தது, எங்கும் ஊற்றலாம் என்று கடைக்காரரே சொல்கிறார். அது சரியல்ல. டிஃபரன்ஷியலில் இருப்பது பெரும்பாலும் ஹைப்பாய்ட் கியர். பினியன், கிரவுன் வீலின் மையத்துக்கு நேராக இல்லாமல் கீழே இறங்கி இருக்கும். பேக்கார்ட் நிறுவனம் 1926-இல் காரில் கொண்டுவந்த இந்த அமைப்பால் ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் தாழ்ந்தது, காரின் தளமும் தாழ்ந்தது. ஆனால் பல் பல்லோடு உருண்டு மட்டும் போகாது. அம்மியில் குழவி உருளும்போதே இழுபடுவதுபோல, அழுத்தத்தோடு நெடுகத் தேய்த்துக்கொண்டு போகும். அந்தத் தேய்ப்பில் ஆயில் படலம் துடைபட்டுப் போகிறது. அப்போது ஆயிலில் கலந்த கந்தகமும் பாஸ்பரஸும் சூட்டில் இரும்போடு வினைபுரிந்து பல்லின்மேல் மெல்லிய காப்பு ஒன்றை உண்டாக்கும். ஜிஎல்-5-இல் இந்தச் சேர்மானம் அதிகம். அதனால் பெரும்பாலான ஹைப்பாய்ட் டிஃபரன்ஷியலுக்கு அது கட்டாயம். ஜிஎல்-4 அங்கே தாங்காது.

அதே ஜிஎல்-5-ஐ ஜிஎல்-4 கேட்கும் மேனுவல் கியர்பாக்ஸில் ஊற்றினால் கதை வேறு. பித்தளை சின்க்ரோனைசர் ரிங் உரசிப் பிடித்துத்தான் கியர் மாறும்போது வேகத்தைச் சமன் செய்ய வேண்டும். ஆயில் தேவைக்கு மேல் வழுக்கினால் ரிங் பிடிக்காது, கியர் போடும்போது கரகரக்கும். சில வகை ஜிஎல்-5 நாளடைவில் பித்தளையையே அரித்துவிடும். முன்பு சொன்ன சுபாரு மேனுவல் பாக்ஸுக்கு ஜிஎல்-5 கேட்கிறார்களே என்றால், அதே கூட்டுக்குள் ஹைப்பாய்ட் டிஃபரன்ஷியலும் இருக்கிறது, ரிங்குகளையும் அதற்கேற்பச் செய்திருக்கிறார்கள். மறுபடியும் சொல்கிறேன், புத்தகம்.

டப்பாவில் தடிமனைச் சொல்லும் 75டபிள்யூ-90 என்பதைப் பார்த்துவிட்டு "தொண்ணூறா, ரொம்பக் கெட்டியாச்சே, மைலேஜ் போயிடும்" என்று எஞ்சின் ஆயிலை ஊற்றியவர்களும் உண்டு. கியர் ஆயிலின் எண் வரிசையும் எஞ்சின் ஆயிலின் எண் வரிசையும் வேறு வேறு. 100 டிகிரி சூட்டில் 90 கிரேடு கியர் ஆயிலும் 40 கிரேடு எஞ்சின் ஆயிலும் ஏறக்குறைய ஒரே தடிமனில்தான் இருக்கும். தடிமன் ஒத்துப்போனாலும் எஞ்சின் ஆயிலில் ஹைப்பாய்ட் பல்லைக் காக்கும் சேர்மானம் போதாது. ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுழலாமல் தடுக்கும் கிளட்ச் வகை லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் என்றால், உரசலைச் சரிப்படுத்தும் ஃப்ரிக்‌ஷன் மாடிஃபையர் கலந்த ஆயில் வேண்டுமா என்று பாருங்கள். படிப்படியான கியர் இல்லாத சிவிடி பெட்டியில், சாதாரண ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயிலான ஏடிஎஃப் வேண்டவே வேண்டாம். அங்கே இரும்பு பெல்ட்டோ செயினோ புல்லியைப் பிடித்துக்கொண்டுதான் வண்டி ஓடுகிறது, அதற்கென்று செய்த திரவம்தான் அந்தப் பிடியைத் தரும்.

"ஆயுளுக்கும் மாற்ற வேண்டாம்" என்று எழுதியிருக்கிறதே என்று புத்தகத்தையே காட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பல பெரிய கார்களுக்கு ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் செய்து தருகிற இசட்எஃப் நிறுவனமே, 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் அல்லது 8 ஆண்டில் ஆயிலை மாற்றச் சொல்கிறது. பெட்டியைச் செய்தவர் சொல்வதை நான் கேட்பேன். டிஃபரன்ஷியலுக்கும் டிரான்ஸ்ஃபர் பெட்டிக்கும் புத்தகத்தில் காலம் சொல்லியிருந்தால் அதன்படி செய்யுங்கள். சொல்லாவிட்டால் 50,000 கிலோமீட்டரை ஒட்டி ஒரு தடவை வடித்துப் பாருங்கள் என்பது என் கருத்து. மலைப்பாதை, டிரெய்லர், முழு லோடு, புழுதி என்று ஓடும் வண்டிக்கு அதையும் குறைத்துக்கொள்ளுங்கள். ஹால்டெக்ஸ் கப்ளிங்குக்கு அவ்வளவு காத்திருக்காதீர்கள். கிளட்ச் தேய்ந்த தூள் ஆயிலிலேயே சுற்றும். ஐந்தாம் தலைமுறை யூனிட்டில் மாற்றக்கூடிய ஃபில்டரே இல்லை, பம்பின் முனையில் சின்ன சல்லடைதான் இருக்கிறது. ஆயிலை மட்டும் மாற்றிவிட்டுச் சல்லடையைக் கழுவாமல் விட்டால் பம்ப் மூச்சுத் திணறிக் கருகும். அப்போதும் முன்சக்கரம் இழுத்துக்கொண்டேதான் இருக்கும், அதனால் ஓட்டுகிறவருக்குத் தெரியாது. சேற்றில் மாட்டும் நாளில்தான் பின்சக்கரம் சுற்றவில்லை என்று தெரியவரும்.

நீங்களே மாற்றுவதாக இருந்தால் தயவுசெய்து இதை மட்டும் மறக்காதீர்கள்: முதலில் ஃபில்லர் போல்ட்டைத் திறங்கள், பிறகுதான் ட்ரெயின். துருப்பிடித்த ஃபில்லர் திறக்காமல் போனால், ஆயிலை வடித்துவிட்டு நிற்கும் வண்டியை ஒரு அடிகூட நகர்த்த முடியாது. கொஞ்ச தூரம் ஓட்டி வெதுவெதுப்பாக இருக்கும்போது வடியுங்கள். வண்டி நான்கு பக்கமும் சமமாக, ஸ்டாண்டின்மேல் நிற்க வேண்டும். ஜாக்கியை நம்பிக் கீழே போகாதீர்கள். காந்தத்தில் சாம்பல் நிறக் குழம்பு ஒட்டியிருந்தால் அது இயல்பான தேய்மானம், துடைத்துவிடுங்கள். விரலில் நெருடும் சில்லு இருந்தால் மூடாதீர்கள், காரணத்தைத் தேடுங்கள். வாஷரைப் புதிதாகப் போடுங்கள். பெரும்பாலான டிஃபரன்ஷியல்களில் ஃபில்லர் துளையின் கீழ் விளிம்பு வரை வந்து வழிந்தால் போதும். சிலவற்றில் அதற்கும் கீழே மட்டம் சொல்லியிருப்பார்கள். அதிகம் ஊற்றினால் நுரைக்கும், சீலைத் தள்ளும். பெரும்பாலான ஆட்டோமேட்டிக் பெட்டிகளின் மட்டத்தை எஞ்சின் ஓடும்போது, சொன்ன வெப்பநிலையில்தான் பார்க்க வேண்டும், பலவற்றில் அது 40 டிகிரியை ஒட்டி வரும். வெப்பநிலையைப் பார்க்க ஸ்கேனர் இல்லையென்றால் அந்த வேலையை விட்டுவிடுங்கள்.

எஞ்சின் ஆயில் என்று நினைத்துப் பக்கத்திலிருக்கும் கியர்பாக்ஸின் ட்ரெயினைத் திறப்பதும் நடக்கிறது. எஞ்சினில் பழைய ஆயில்மேல் புது ஆயில் சேர்ந்து இரட்டிப்பாகும், கியர்பாக்ஸ் வறண்டு ஓடும். வடிகிற ஆயிலின் நிறத்தையும் வாசனையையும் ஒரு நொடி கவனியுங்கள். கியர் ஆயிலின் கந்தக நாற்றத்தை ஒருமுறை முகர்ந்தவர் மறக்க மாட்டார்.

டயரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். எவ்வளவு நல்ல ஆயில் ஊற்றினாலும், இரண்டு புது டயர் இரண்டு மொட்டை டயர் என்று ஓட்டினால் கப்ளிங்கும், முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் விசையைப் பிரிக்கும் நடு டிஃபரன்ஷியலும் நேர் ரோட்டில்கூட ஓயாமல் வழுக்கிக்கொண்டே இருக்கும், ஆயில் வெந்துவிடும். நான்கு டயரின் சுற்றளவிலும் கால் அங்குலத்துக்கு மேல் வித்தியாசம் கூடாது என்கிறது சுபாரு, அதாவது 6 மில்லிமீட்டர் சொச்சம். பழுதான வண்டியை முன்சக்கரத்தை மட்டும் தூக்கி இழுத்துப் போகவும் விடாதீர்கள், நான்கு சக்கரமும் மேலேறிய லாரிதான் வேண்டும்.

மெதுவாக ஒடித்துத் திருப்பும்போது வண்டி குலுங்குகிறதா, ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் வந்து விட்டால் நிற்கிற உறுமல் கேட்கிறதா, அன்றைக்கே மட்டத்தைப் பாருங்கள். அடுத்த சர்வீஸ் வரை தள்ளாதீர்கள்.

வெள்ளத்தில் இறங்கி ஏறிய வண்டிக்கும் அதே அவசரம். சூடாக ஓடிவந்த டிஃபரன்ஷியல் தண்ணீரில் சட்டென்று குளிரும்போது உள்ளே காற்று சுருங்கும், காற்றுப் போய்வரும் துளையான பிரீதர் வழியாகவோ சீல் வழியாகவோ தண்ணீரை இழுத்துக்கொள்ளும். ஹவுசிங்கின் மேல் இருக்கும் அந்தச் சின்னப் பிரீதர் மண்ணடைத்திருந்தால் இன்னும் மோசம், சாதாரண நாளிலும் அழுத்தம் வெளியேற வழியில்லாமல் சீலைப் பிதுக்கும். அதைச் சுத்தம் செய்யுங்கள். எல்லாப் பெட்டியின் ஃபில்லரையும் திறந்து விரலை விட்டுப் பாருங்கள். ஆயில் பால் கலந்த நிறத்தில் இருந்தால் உடனே வடித்து மாற்றுங்கள், கொஞ்ச தூரம் ஓட்டி இன்னொரு தடவையும் மாற்றுங்கள். முதல் தடவையில் பேரிங்குக்குள் தங்கிய தண்ணீர் முழுக்க வெளியே வராது.