ஓவரோல்: கழட்டிப் பூட்டுவது மட்டுமா?

திருகோணமலை கொட்பே மீன்பிடித் துறைமுகத்தில் கடலுக்குப் போகாமல் நிற்கும் பலநாள் படகைப் பற்றி விசாரித்தால், "எஞ்சின் ஓவரோலுக்குக் கழட்டியிருக்கு" என்பார்கள். மெக்கானிக் போட்டிருக்கும் உடுப்பும் ஓவரோல்தான். அது வேறு ஆங்கிலச் சொல்: உடுப்பு overall, எஞ்சினுக்குச் செய்வது overhaul. நம் நாவில் இரண்டும் ஒன்றாகிவிட்டன.

எஞ்சினுக்கான ஓவரோல் பாய்மரக் கப்பலில் பிறந்த சொல். இறுகிய கயிற்றை எதிர்ப்பக்கம் இழுத்துத் தளர்த்துவதை 17ஆம் நூற்றாண்டு ஆங்கில மாலுமிகள் அப்படிச் சொன்னார்கள். பிறகு எதையும் பிரித்துச் சோதிப்பதற்கு அந்தப் பெயர் வந்தது. ஆக, சோதிப்பது அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

நம்மவர் சொல்லும் 'கழட்டிப் பூட்டுதல்' நல்ல சொல்தான், ஆனால் நடுவில் நடப்பதை விட்டுவிடுகிறது. லைனரின், அதாவது பிஸ்டன் ஏறி இறங்கும் குழல் உறையின், உள்விட்டத்தை மேலே, நடுவே, கீழே என்று ஒவ்வொரு மட்டத்திலும் குறுக்கும் நெடுக்குமாக அளக்க வேண்டும். அப்போதுதான் எவ்வளவு தேய்ந்தது, வட்டம் கெட்டதா என்று தெரியும். மாற்றுவதா, விடுவதா என்பது அதற்குப் பிறகு.

நாட்கள் வீணாவதும் இந்த நடுவில்தான். அளப்பது பிந்தினால் ஓடர் பிந்தும். கொழும்பிலிருந்து பாகம் வரும்வரை பிரித்த எஞ்சின் சும்மா கிடக்கும். டொயோட்டாவின் தையிச்சி ஓனோ உற்பத்தி வேலையில் வகுத்த ஏழு வீண்களில் காத்திருப்பும் ஒன்று. தரமுறை என்றதும் 1986இல் மோட்டரோலாவில் தொடங்கிய, குறைகளை அளந்து குறைக்கும் சிக்ஸ் சிக்மா முறையை இழுத்து வந்து சுவரெல்லாம் அட்டவணை ஒட்டுவார்கள். சரி, ஒட்டட்டும். அதற்கு முன்னால், கழட்டிய கையோடு கழுவி, அளந்து, எழுதி, ஓடர் கொடுக்கப் பழகினாலே பாதி வீண் குறையும். பிஸ்டனைச் சுழல்தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ரொட்டையும் அதன் மூடியையும் இலக்கம் பார்த்துச் சோடியாக வைப்பதும் தரமுறைதான். மூடி மாறினால் பெயாரிங் உட்காரும் வட்டம் பிசகும், திரும்பவும் கழட்ட வேண்டிவரும்.

அப்புறம், தமிழில் என்ன எழுதுவது? 'பழுதுபார்த்தல்' பொருந்தாது, பழுது வருமுன்பே, ஓடிய மணிக்கணக்கைப் பார்த்துச் செய்வதும் ஓவரோல்தான். 'மறுசீரமைப்பு' என்றால் கடன் நினைவுக்கு வருகிறது. என் தெரிவு 'பிரித்தாய்ந்து செப்பனிடல்'. கொஞ்சம் நீளம்தான், பேச்சில் ஓவரோலே இருக்கட்டும். எஞ்சினின் மேல்மூடியான சிலிண்டர் ஹெட்டோடு நிற்கும் 'டொப் ஓவரோலை' 'தலைப்பகுதிச் செப்பனிடல்' என்று எழுதலாம்.