கத்தரிக்கோலைப் பிள்ளையிடம் கொடுங்கள்

போன சனிக்கிழமை காலைப் பயிலரங்கில் மறுபடியும் அதே கதை. ஆறு வயதுப் பையன். மேசையில் அட்டைப்பெட்டித் துண்டுகள், மாஸ்கிங் டேப், நூல்கண்டு. சுவரே இல்லாத வீடு ஒன்று கட்ட வேண்டும், அதுதான் அன்றைய விளையாட்டு. பையன் ஓர் அட்டையை எடுத்து நடுவில் ஓட்டை போடப் பார்த்தான். அட்டை தடிமன், கத்தரிக்கோல் மழுங்கல். பிள்ளைகளுக்கான கத்தரிக்கோல் வேறெப்படி இருக்கும்? நாக்கை ஓரமாகத் துருத்திக்கொண்டு நறநறவென்று வெட்டினான். இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது.

"இங்க குடு, கோணலா போகுது."

வாங்கிய கத்தரிக்கோலை அப்பா அதற்குப் பிறகு கீழே வைக்கவில்லை. நாற்பது நிமிடம் வீடு கட்டினார். குறை சொல்ல முடியாது, அழகான வீடு. கூரை, படிக்கட்டு, பால்கனி எல்லாம் நூல் பிடித்த மாதிரி. நான்கு பக்கமும் சுவரும் வைத்திருந்தார். பையன் டேப்பை எடுத்துக்கொண்டு மேசைக்கு அடியில் போய்விட்டான். முடிந்ததும் அவனைக் கூப்பிட்டு, வீட்டைக் கையில் கொடுத்து, ஒரு படம் எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள்.

பத்து ஆண்டுகளுக்கு மேலாகச் சிங்கப்பூரின் அரும்பொருளகங்களிலும் கலைக்கூடங்களிலும் குடும்பப் பயிலரங்கு நடத்துகிறேன். நிரந்தர வேலை எங்கும் இல்லை. கூப்பிட்ட இடத்துக்குப் பசையையும் டேப்பையும் பொறுமையையும் தூக்கிக்கொண்டு போகிறவள். அந்த அப்பா மேல் எனக்குக் கோபம் இல்லை. சரி, கொஞ்சம் இருந்தது. ஆனால் அவர் ஒருவர் மட்டும் இல்லையே. அன்று பாதிக்கு மேற்பட்ட மேசைகளில் கத்தரிக்கோல் பெரியவர்கள் கையில்தான் இருந்தது.

பயிலரங்கு என்றால் முடிவில் ஒரு பொருள் கிடைக்க வேண்டும், அது பார்க்க நன்றாக இருக்க வேண்டும் என்று நினைக்கிறோம். இல்லை. திரும்பவும் சொல்கிறேன், இல்லை. அந்தப் பொருள் எங்களுக்கு வேண்டாம். உங்களுக்கும் வேண்டாம், தீபாவளிக்கு வீட்டைச் சுத்தம் செய்யும்போது குப்பைக் குழாய்க்குள் முதலில் போவது அதுதான். ஓர் ஆறு வயதுப் பிள்ளை தடித்த அட்டையை வெட்டும்போது எங்கே தொடங்குவது, எவ்வளவு அழுத்துவது, கிழிந்தால் டேப் ஒட்டுவதா புது அட்டை எடுப்பதா என்று விடாமல் முடிவு எடுத்துக்கொண்டே இருக்கிறது. பயிலரங்கு என்பதே அந்த முடிவுகள்தான். கோணலாகப் போன வெட்டைப் பார்த்து "இது முதலை வாய் மாதிரி இருக்கு" என்று வீட்டை முதலையாக மாற்றுகிற பிள்ளைகளை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். நேராக வெட்டிக் கொடுத்துவிட்டால் முதலைக்கு எங்கே போவது?

அந்தப் பையன் கதைக்கு ஒரு பின்பாதி உண்டு. எல்லாரும் போன பிறகு பெருக்கக் குனிந்தேன். மேசையின் நான்கு கால்களையும் சுற்றிச் சுற்றி மாஸ்கிங் டேப். குறுக்கும் நெடுக்குமாக நூல். நடுவில் ஒரு கால் வைக்கும் அளவுக்கு இடம் விட்டு, அங்கே ஓர் அட்டைத் துண்டைப் பாய் மாதிரி விரித்திருந்தான். கூரை இருந்தது, தூண் இருந்தது, சுவர் இல்லை. அன்று அந்த அறையில் நான் கேட்டதை அப்படியே செய்தவன் அவன்தான். அவன் அப்பாவுக்கு அது தெரியவே தெரியாது. தொண்டூழியராக வந்திருந்த பெண் அதைப் பிரிக்க மனமில்லாமல் படம் எடுத்து வைத்துக்கொண்டார். அடுத்த குழு பத்து நிமிடத்தில் வர வேண்டியிருந்ததால் பிறகு நானே பிரித்தேன்.

ஜப்பானியக் கலைஞர் யாயோய் குசாமா 2002ல் ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து கலைக்கூடத்துக்காகப் பிள்ளைகளை மனத்தில் வைத்து ஓர் அறை செய்தார். 2017ல் நம்முடைய தேசிய கலைக்கூடத்துக்கும் அது வந்தது. சாதாரண வீட்டு அறைதான். ஆனால் மேசை, நாற்காலி, சுவர், தரை எல்லாம் வெள்ளை. உள்ளே போகிறவர்கள் கையில் வண்ணப் பொட்டு ஸ்டிக்கர்கள். எங்கே வேண்டுமானாலும் ஒட்டலாம். நாளாக நாளாக அறையே வண்ணத்தில் மறைந்துபோகும். அதில் உங்கள் பிள்ளை ஒட்டிய பொட்டு எது என்று கண்டுபிடிக்கவே முடியாது, வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போகவும் எதுவும் இல்லை. இப்படிப்பட்ட அறையில்கூட "அங்கே காலியா இருக்கு பாரு, வரிசையா ஒட்டு" என்று சொல்ல ஒருவர் இருப்பார்.

கலை போன்ற திறமைகளைப் பார்த்துப் பள்ளிகள் பிள்ளைகளை எடுக்கும் நேரடிப் பள்ளிச் சேர்க்கைக்குக் காட்டுவதற்காகப் பயிலரங்குகளைச் சேகரிக்கிற பெற்றோருக்கு ஒரு வார்த்தை. தேர்வு செய்கிறவர்கள் பிள்ளையிடம் "ஏன் இப்படிச் செய்தாய்?" என்று கேட்பார்கள். அப்பா செய்த பால்கனிக்குப் பிள்ளை என்ன காரணம் சொல்லும்?

கைக்கு நடப்பதுதான் கண்ணுக்கும். படைப்பின் முன்னால் பிள்ளை நின்ற மறு நொடியே, "இது என்ன சொல்லு பார்ப்போம்?" துணைப்பாட வகுப்பிலிருந்து நேரே வந்த குரல். பிள்ளை படைப்பைப் பார்ப்பதை விட்டுவிட்டு உங்கள் முகத்தைப் பார்க்கிறது. சரியான விடை அங்கேதானே எழுதியிருக்கிறது. தேசிய அரும்பொருளகத்தின் புல்வெளியில் குமாரி நாகப்பனின் பெரிய சிவப்பு மிளகாய்ச் சிற்பம் நிற்கிறது. ஒரு சிறுமி அதன் அடியில் போய் நின்று அண்ணாந்து பார்த்தாள். "மிளகாய்தானே, வா" என்றார் அம்மா. மிளகாய்தான். ஆனால் ஒரு மிளகாய் ஏன் தன்னைவிடப் பெரிதாக இருக்கிறது, இதைக் கடிக்க எவ்வளவு பெரிய வாய் வேண்டும் என்று அவள் தலைக்குள் அப்போதுதான் ஏதோ தொடங்கியிருக்கும்.

நியூயார்க் மெட்ரோபொலிட்டன் அரும்பொருளகத்தில் பார்வையாளர்களைக் கவனித்து 2001ல் ஓர் ஆய்வு வந்தது. ஒரு படைப்பின் முன்னால் ஆட்கள் நின்ற நேரம் சராசரியாக 27.2 நொடி. பாதிப் பேர் 17 நொடிகூட நிற்கவில்லை. அது பெரியவர்கள் கணக்கு. பிள்ளைகளுக்குப் பொறுமை இல்லை என்று சொல்கிற நாம்தான் அவர்கள் கையைப் பிடித்து அடுத்த அறைக்கு இழுக்கிறோம்.

கேட்கத் தெரியவில்லை என்றால் எங்கள் தொழிலில் புழங்குகிற மூன்று கேள்விகளைக் கடன் தருகிறேன். அபிகேல் ஹவுசன், ஃபிலிப் யெனவைன் இருவரும் உருவாக்கிய முறை. இதில் என்ன நடக்கிறது? எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறாய்? இன்னும் என்ன தெரிகிறது? அவ்வளவுதான். நடுவில் "சரி", "தப்பு", "சூப்பர்" எதுவும் வேண்டாம். பிள்ளை சொன்னதை உங்கள் வாயால் ஒருமுறை திருப்பிச் சொன்னால் போதும். இரண்டாவது கேள்விதான் உயிர். "பேய் வருது" என்று சொன்ன பிள்ளையிடம் அதைக் கேட்டுப் பாருங்கள், நீங்கள் பார்க்காமல் விட்ட நிழலைக் காட்டும்.

வீட்டிலேயே பழகிக்கொள்ளலாம். பர்ஸில் சிங்கப்பூர் ஐம்பது வெள்ளி நோட்டு இருந்தால் திருப்பிப் பாருங்கள். வீணைகூட இருக்கிறது அதில். இசைக்கருவிகளோடு இரண்டு ஓவியங்கள்: சென் வென் ஷியின் குரங்குகள், சியோங் சூ பியெங் 1978ல் வரைந்த கருவாடு காயவைக்கும் காட்சி. எத்தனை ஆண்டுகளாக அதைக் கொடுத்துச் சில்லறை வாங்கியிருக்கிறோம்! கருவாடு காயவைக்கிறவர்களைக் காட்டி "ஏன் அவங்க கை இவ்வளவு நீளம்?" என்று கேட்டது என் தங்கை மகள்தான். எனக்கு முன்னால்.

விளக்கப் பலகையைப் படியுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் முதலில் நீங்கள் மட்டும் மனத்துக்குள் படியுங்கள். சிங்கப்பூர்க் கலைஞர் தாங் டா வூவின் 1991ஆம் ஆண்டுப் படைப்பு ஒன்றில் நிஜப் புலி அளவுக்கு வெள்ளைப் புலிகள் வரும். மருந்து என்ற பெயரில் புலியின் ஒரு குறிப்பிட்ட உறுப்புக்காக அதைக் கொல்வதைக் கண்டித்துச் செய்தது. அதன் குறிப்பை உரக்க வாசிக்கத் தொடங்குகிறவர் இரண்டாவது வரியில் இருமத் தொடங்கிவிடுவார்.

அடுத்து, தொடுவது. இதில் குழப்பம் பிள்ளையின் தப்பில்லை. தற்காலக் கலையில் சிலவற்றைத் தொடலாம், சிலவற்றின் மேல் ஏறலாம், சிலவற்றைத் தின்றுகூடப் பார்க்கலாம். ஃபீலிக்ஸ் கொன்சாலஸ்-டாரஸ் இறந்துபோன தன் துணைவரின் நினைவாக 1991ல் செய்தது ஒரு மிட்டாய்க் குவியல், ஏறக்குறைய 79 கிலோ. பார்க்க வருகிறவர் ஒன்றை எடுத்துக்கொண்டு போகலாம். பக்கத்து அறையில் தரைக்கோட்டைத் தாண்டினாலே காவலர் ஓடி வருவார். எது எப்படி என்று வாசலிலேயே கேட்டுவிட்டுப் பிள்ளையிடம் சொல்லுங்கள். கேட்பதில் வெட்கம் எதற்கு?

ஷாங்ஹாய் கண்ணாடி அரும்பொருளகத்தில் ஷெல்லி ஷுவே என்ற கலைஞர் 27 மாதம் உழைத்துக் கண்ணாடி இறக்கைகள் செய்து வைத்திருந்தார். இரண்டு பிள்ளைகள் தடுப்பைத் தாண்டிப் போய் அவற்றைப் பிடித்து இழுத்து உடைத்துவிட்டார்கள். 2016ல் பரவிய கேமரா காட்சியில் கூட வந்த பெரியவர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள் தெரியுமா? கைத்தொலைபேசியில் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். கலைஞர் அதைச் சரிசெய்யவில்லை. பெயரை மட்டும் 'உடைந்தது' என்று மாற்றிவிட்டார். இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு: 2024ல் இஸ்ரேலின் ஹைஃபாவில் நான்கு வயதுப் பையன் ஒருவன் 3,500 ஆண்டுப் பழைய ஜாடியைக் கீழே தள்ளிவிட்டான். அந்த அரும்பொருளகம் திட்டவில்லை. குடும்பத்தோடு திரும்ப வரச் சொல்லி அழைத்தது. எங்களுக்கும் பிள்ளைகள் மேல் பயம் இல்லை. கைத்தொலைபேசிக்குள் முகத்தைப் புதைத்த பெரியவர்களைக் கண்டால்தான் பயம்.

அதனால், வருகிறவர்களுக்கு:

முதலில் கழிவறை, அப்புறம் கலை. முதுகுப்பையை முன்னால் மாட்டுங்கள், திரும்பும்போது இடிப்பது பிள்ளை அல்ல, உங்கள் பைதான். எல்லா அறையையும் பார்த்துத் தீர்க்க வேண்டும் என்ற எண்ணத்தை வாசலிலேயே விடுங்கள். சிங்கப்பூரர்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் தேசிய அரும்பொருளகங்களில் பொது நுழைவு இலவசம், காசுக்குப் பார்த்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மூன்று படைப்பு போதும், மூன்றையும் பிள்ளையே தேர்ந்தெடுக்கட்டும். அரை மணி நேரத்தில் பசி என்றால் கிளம்புங்கள், இன்னொரு நாள் வாருங்கள். வயது வரம்பு போட்டிருந்தால் அது விளையாட்டுக்குப் போட்டதில்லை. "என் பிள்ளை வயசுக்கு மீறின கெட்டிக்காரி" என்று எட்டு வயதுக்கான பயிலரங்கில் நாலு வயதைச் சேர்த்தால் சூடான பசைத் துப்பாக்கிக்குப் பக்கத்தில் நிற்கப் போவது அவள்தான். நல்ல உடுப்பு வேண்டாம். சாயம் பட்டால் கறை போகாது, சொல்லிவிட்டேன்.

பயிலரங்கில் நீங்கள் என்ன செய்வது என்று கேட்பீர்கள். உங்களுக்கென்று தனி அட்டை எடுத்து உங்களுக்கென்று ஒன்று செய்யுங்கள். மேசைக்கு இரண்டு கத்தரிக்கோல் வைப்பதே அதற்குத்தான்! இதை நான் கற்றுக்கொண்டது ஓர் இல்லப் பணிப்பெண்ணிடமிருந்து. வேலைக்குப் போன பெற்றோருக்குப் பதிலாகப் பிள்ளையைக் கூட்டி வந்திருந்தார். பிள்ளையின் அட்டையை அவர் தொடவே இல்லை. தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, தன் ஊர் வீட்டைத் தானே செய்தார். முன்பக்கம் ஒரு தென்னை மரம், கோணல்தான். பிள்ளை எட்டி எட்டிப் பார்த்தது. பார்த்துவிட்டுத் தன் வீட்டிலும் ஒரு மரம் வைத்தது, கூரைக்கு மேலே. "ஏன் மேலே?" என்று அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

கடைசியாக ஒன்று, கெஞ்சிக் கேட்கிறேன். பயிலரங்கு இலவசம் என்பதற்காக மூன்று நேரத்துக்கும் பதிவு செய்துவிட்டு ஒன்றுக்கும் வராமல் இருக்காதீர்கள். மழை வந்தால், பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் புரிந்துகொள்வோம், முதல் நாள் இரவே ரத்து செய்துவிடுங்கள். காத்திருப்போர் பட்டியலில் இருப்பவருக்குக் காலை எட்டு மணிக்குத் தகவல் போனால்கூடப் பிள்ளையைக் கிளப்பி எம்ஆர்டி ரயில் ஏறி வந்துவிடுவார். போன சனிக்கிழமை நான்கு மேசை காலியாக இருந்தது. அட்டையெல்லாம் முந்தின இரவே அளந்து அடுக்கி வைத்தது.