பெல்ட் புதுசு, போல்ட் எங்கே?

போன மாதம் ஒரு டிராக் டேயில் (சொந்த வண்டியைப் பந்தயப் பாதையில் ஓட்டிப் பார்க்கும் நாள்) ஸ்விஃப்ட் ஒன்று வளைவில் வழுக்கி, டயர் சுவரில் நேராகப் போய் முட்டியது. பிரேக் பிடித்துக்கொண்டே போனதால், முட்டும்போது வேகம் 60 கிலோமீட்டர் இருந்தால் அதிகம். பானெட், ரேடியேட்டர், ஒரு ஹெட்லைட், அவ்வளவுதான் சேதம். வண்டியைப் பார்த்த எல்லோரும் பையன் தப்பித்தான் என்றார்கள். 24 வயது. தானாகவே பக்கிளைத் திருப்பி இறங்கினான். நாலடி நடந்ததும் முதுகைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான். ஸ்கேனில் முதுகெலும்புக் கட்டை ஒன்று நசுங்கியிருப்பது தெரிந்தது.

அவன் போட்டிருந்தது வெளிநாட்டிலிருந்து தருவித்த ஆறு முனை ஹார்னஸ், அதாவது தோள், இடுப்பு, கால் நடு என ஆறு இடத்தில் பூட்டும் பந்தய பெல்ட். மடிப்புக் கலையாத புதுசு. ஆஸ்பத்திரியில் அவன் அப்பா என்னிடம் கேட்ட முதல் கேள்வியே அதுதான்: "ஏனுங்க, இத்தனை காசு போட்டு வாங்குனமே, பெல்ட் டூப்ளிகேட்டுங்களா?"

பெல்ட் அசல்தான். அதை எங்கே பூட்டினார்கள் என்பதுதான் கோளாறு. தோள் பட்டை இரண்டையும் சீட்டுக்கு மேலே கொண்டுபோய், பின் சீட் இருந்த இடத்தில், தரையில் ஏற்கெனவே இருந்த பெல்ட் ஓட்டையில் முறுக்கியிருந்தார்கள். கோவையில் பந்தயக் கார்களுக்கு ரோல் கேஜும் (வண்டி கவிழ்ந்தால் ஆளைக் காக்கும் உள் இரும்புக் கூண்டு) சீட்டும் பூட்டும் வேலையில் எனக்கு 20 வருடத்துக்கு மேல் ஆகிறது. போட்டி நாட்களில் வண்டிகளைச் சோதித்து அனுப்பும் ஸ்க்ரூட்டினியிலும் நிற்பேன். இந்தத் தரைப் பூட்டை மட்டும் இரண்டு வருடத்தில் ஐந்து வண்டிகளில் கழற்ற வைத்திருக்கிறேன். ஆறாவது வண்டி என் கண்ணில் படுவதற்கு முன்னால் சுவரில் பட்டுவிட்டது.

"தரை உறுதியாத்தானே அண்ணா இருக்கு? கம்பெனியே போட்ட ஓட்டையாச்சே?" ஒவ்வொரு முறையும் இதே பதில்தான் வருகிறது. ஓட்டை உறுதிதான், மறுக்கவில்லை. பட்டை எந்தத் திசையில் இழுக்கிறது என்று பாருங்கள். வண்டி முட்டும்போது உடம்பு முன்னால் போகிறது. அதை நிறுத்த பட்டை பின்னால் இழுக்க வேண்டும். ஆனால் தரைக்குப் போகிற பட்டை பின்னாலும் இழுக்கும், கீழேயும் இழுக்கும். தோளிலிருந்து 45 டிகிரி சரிவில் இறங்கினால், பின்னால் எவ்வளவு இழுக்கிறதோ அதே அளவு கீழேயும் அழுத்தும்.

கணக்குப் போட்டே காட்டிவிடுகிறேன். 60 கிலோமீட்டர் வேகத்தில் வந்த உடம்பு அரை மீட்டருக்குள் நின்றால், சராசரியாக 28 ஜி, அதாவது உடம்பு எடையைப் போல 28 மடங்கு விசை வரும். 70 கிலோ ஆள் அந்தக் கணம் ஏறக்குறைய இரண்டு டன். அதில் தோள் பட்டைகளின் பங்கு 800 கிலோ என்று வையுங்கள். பட்டை 45 டிகிரியில் இருந்தால் இரண்டு தோளிலும் சேர்த்து இன்னொரு 800 கிலோ நேர் கீழே இறங்கும். 75 கிலோ நெல் மூட்டை பத்தை ஒரே நேரத்தில் தோளில் போட்ட மாதிரி. தாங்குவது முதுகெலும்புதான், வேறு எதுவும் அங்கே இல்லை. அதே பட்டை 10 டிகிரிச் சரிவில் போனால் கீழே இறங்குவது 140 கிலோ, அதாவது இரண்டு மூட்டைக்கும் குறைவு. அந்தப் பையனின் எலும்பு நசுங்கியதற்கும் நசுங்காமல் இருந்திருப்பதற்கும் நடுவில் நின்றது, பட்டையைப் பூட்டத் தோளுக்குப் பின்னால் இருந்திருக்க வேண்டிய ஒரு குறுக்குக் குழாய்.

உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்ஐஏவின் விதிப் புத்தகத்தில் 45 டிகிரி வரை அனுமதி இருக்கிறதே என்று சிலர் மல்லுக்கு நிற்பார்கள். இருக்கிறது. அதே வாக்கியத்தில் 10 டிகிரியைத் தாண்டாமல் இருப்பது நல்லது என்றும் இருக்கிறது. தாண்டக்கூடாத வரம்பை, போய்ச் சேர வேண்டிய இடமாக எடுத்துக்கொள்கிறார்கள். அதிலும் பல வண்டிகளில் நான் அளந்தது 50, 55. சீட்டின் மேல் விளிம்பிலிருந்துதான் அளக்க வேண்டும் என்பதுகூடத் தெரியாமல் தோராயமாகப் பார்த்துப் பூட்டியவை.

இன்னொன்று, பட்டையின் நீளம். தரை வரை போகிற பட்டை ஒரு மீட்டருக்கு மேல் இருக்கும். இழுவையில் எல்லாப் பட்டையும் நீளும். நூற்றுக்குப் பத்து என்று வைத்தாலும் ஒரு மீட்டருக்கு 10 சென்டிமீட்டர். ஸ்டீயரிங் முகத்துக்கு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று உட்கார்ந்து பாருங்கள்.

ஆகவே தோள் பட்டை ரோல் கேஜின் குறுக்குக் குழாயில்தான் வர வேண்டும். அந்தக் குழாயும் பெர்னிச்சர் பைப்பாக இருக்கக் கூடாது. எஃப்ஐஏ கேட்பது தையல் இல்லாத கார்பன் ஸ்டீல் குழாய். 38 மில்லிமீட்டர் விட்டம் என்றால் 2.5 கனம், 40 விட்டம் என்றால் 2 கனம். (வெல்டிங் கடையில் 'அதே மாதிரி இருக்கு' என்று எடுத்துக் கொடுப்பது தையல் குழாய். வெட்டிய முனையில் உள்ளே விரலை விட்டுத் தடவினால் கோடு தட்டுப்படும்.) பட்டையைக் குழாயில் சுற்றும்போது மூன்று கம்பி ஸ்லைடரில் (பட்டையைக் கோர்த்து இறுக்கும் இரும்புக் கொக்கி) திரும்ப ஒருமுறை கோர்த்து வாங்க வேண்டும். ஸ்லைடர் குழாயை ஒட்டியே இருக்க வேண்டும். நுனி குறைந்தது நாலு அங்குலம் மிஞ்ச வேண்டும். திரும்பக் கோர்க்காத பட்டை, கையால் இழுத்தால் நிற்கும். சுவரில் முட்டினால் உருவிக்கொண்டு போகும்.

லேப் பெல்ட்டுக்கு, அதாவது இடுப்புப் பட்டைக்கு, புதிதாக ஓட்டை போடுகிறீர்களா? கார் தரைத் தகடு ஒரு மில்லிமீட்டர் கனம்கூட இருக்காது. அடியில் ஒரு வாஷரைக் கொடுத்து முறுக்கினால், அடிபடும்போது போல்ட், வாஷரோடு பிய்த்துக்கொண்டு மேலே வந்துவிடும். லேப், தோள் பட்டைகளின் ஒவ்வொரு ஆங்கரும் (பெல்ட்டை வண்டியில் பூட்டும் இடம்) 1470 டெக்காநியூட்டன் தாங்க வேண்டும். ஏறக்குறைய ஒன்றரை டன். அதற்குத்தான் 3 மில்லிமீட்டர் கனத்தில், 40 சதுர சென்டிமீட்டருக்குக் குறையாத இரும்புத் தகடு கேட்கிறார்கள். போல்ட் எம்12, 8.8 தரம், அல்லது 7/16 யுஎன்எஃப். ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் அலங்கார ஐ-போல்ட் வேண்டாம். சீட்டிலோ சீட் ஸ்டாண்டிலோ பெல்ட்டைப் பூட்டுவது விதியிலேயே கூடாது. பூட்டினால் சீட் பிடுங்கிக்கொள்ளும்போது நீங்களும் கூடவே போவீர்கள்.

பூட்டிய பிறகு பட்டை எந்தப் பக்கம் இழுக்கிறதோ அந்தப் பக்கம் பட்டை நுனியிலுள்ள ஆங்கர் தகடு தானாகத் திரும்ப வேண்டும். திரும்பாமல் கோணலாக நின்றால் பட்டை அட்ஜஸ்டரில் ஒரு ஓரமாக ஒதுங்கிக்கொள்ளும்; முழு அகலமும் தாங்க வேண்டிய பாரத்தை ஒரு ஓரம் தாங்கி, அங்கிருந்து கிழியத் தொடங்கும். இது காகிதத்தில் மட்டும் இருக்கிற பயம் என்று நினைக்காதீர்கள். 2001 பிப்ரவரி 18 அன்று அமெரிக்காவின் டேடோனா பந்தயத்தின் கடைசிச் சுற்றில் ஓட்டுநர் டேல் எர்ன்ஹார்ட் இறந்தபோது அவருடைய இடது லேப் பெல்ட் அறுந்திருந்தது. அந்த ஆகஸ்டில் பந்தயத்தை நடத்தும் நாஸ்கார் அமைப்பு வெளியிட்ட விசாரணை அறிக்கை, பட்டை இப்படி ஓரம் ஒதுங்கிக் கிழிந்ததைத்தான் சொன்னது. ஏழு முறை சாம்பியனான ஒருவரின் வண்டியிலேயே நடந்தது என்றால், நம் வண்டியை ஒருமுறை குனிந்து பார்க்கலாம்.

அப்புறம் அந்தக் கால் நடுப் பட்டை. கூச்சமாக இருக்கிறது என்று அதை வெட்டிவிடுகிறவர்களும், சீட்டில் ஓட்டை இல்லை என்று அடியில் சொருகி வைக்கிறவர்களும் உண்டு. தோள் பட்டையை இறுக்க இறுக்க பக்கிள் மேலே ஏறும். அதோடு லேப் பெல்ட்டும் வயிற்றுக்கு ஏறும். அதைக் கீழே பிடித்து வைக்க இருப்பது அந்தப் பட்டை ஒன்றுதான். லேப் பெல்ட் உட்கார வேண்டிய இடம் இடுப்பெலும்பு. வயிற்றில் உட்கார்ந்தால் குடலும் கல்லீரலும் வாங்கிக்கொள்ளும். தயவுசெய்து வெட்டாதீர்கள். நாலு முனைப் பெல்ட் விலை குறைவு என்று வாங்கி வருகிறவர்களுக்கும் இதையேதான் சொல்கிறேன்.

சீட்டில் உட்கார்ந்ததும் முதலில் லேப் பெல்ட்: தாழ, மூச்சு முட்டுகிற அளவுக்கு. பிறகு நடுப் பட்டை. தோள் பட்டை கடைசி. பெரும்பாலானவர்கள் தோளைத்தான் முதலில் இழுக்கிறார்கள். ஒரு சுற்று ஓடியதும் சீட் நுரை அமுங்கி எல்லாம் தளர்ந்திருக்கும். பந்தயம் தொடங்கும் கிரிட்டில் நிற்கும்போது இன்னொருமுறை இழுத்துக்கொள்ளுங்கள். கண்ணை மூடிக்கொண்டு ஒரே கையால் பக்கிளைத் திறக்கப் பழகுங்கள். ராலி ஓட்டுகிறவர்கள் பெல்ட் கட்டர் இரண்டு வைத்திருக்க வேண்டும். கட்டியபடியே கை எட்ட வேண்டும், டிக்கியில் வைத்தால் பயனில்லை.

பட்டையில் தைத்திருக்கும் லேபிளில் காலாவதி ஆண்டு இருக்கும். அதை வெட்டிவிட்டு வராதீர்கள், லேபிள் இல்லாத பெல்ட்டை நான் விடமாட்டேன். வெயிலில் நிறுத்தி வெளுத்துப்போனது, பேட்டரி ஆசிட் பட்டது, ஒருமுறை பலமாக முட்டிய வண்டியிலிருந்தது, இவை மூன்றும் குப்பைக்கு. அடிபட்ட பெல்ட்டை நண்பனுக்குப் பாதி விலைக்குக் கொடுப்பதைப் பார்த்தால் எனக்குக் கோபம் தலைக்கேறும்.

ரோடு வண்டியில் இதைப் போட்டுக்கொண்டு சுற்றுகிற தம்பிகளுக்கு ஒன்று. ரோல் கேஜ் இல்லாத காரில் ஹார்னஸ் போடாதீர்கள். வண்டி கவிழ்ந்து கூரை அமுங்கும்போது சாதாரண பெல்ட் போட்டவர் சாய்ந்துகொள்ளலாம். ஹார்னஸ் போட்டவர் நிமிர்ந்தே இருப்பார், கூரையைத் தலைதான் தாங்கும். கம்பெனி கொடுத்த மூன்று முனைப் பெல்ட், அந்த வண்டியின் ஏர்பேக்கோடு சேர்த்துச் சோதித்தது. ஊருக்குள் அது போதும்.

டிராக்குக்குத் தயார் செய்கிறவர்கள் யாரிடம் வேலை கொடுத்தாலும் சரி, வண்டியை மட்டும் விட்டுவிட்டுப் போகாதீர்கள். ரேஸ் சூட், ஹெல்மெட், கழுத்தைக் காக்கும் ஹான்ஸ் எல்லாம் எடுத்துக்கொண்டு நீங்களும் போங்கள். சீட் பூட்டிய பிறகு உங்களை அதில் உட்கார வைத்து, தோள் உயரம் அளந்த பிறகுதான் குறுக்குக் குழாயை வெட்ட வேண்டும். அளக்காமல் வெல்டிங்கைப் பற்றவைக்கிறவரிடமிருந்து சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.