நெருக்கடியின் உச்சத்தில் உதவி எப்படி வேலை செய்கிறது?

தற்கொலை எண்ணத்தோடு மனம் உடைந்து நிற்பவரிடம் நாம் வழக்கமாகச் சொல்வது, "நிதானமா யோசிச்சுப் பாரு." அந்த நேரத்தில் அவரால் முடியாததும் அதுதான்.

நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளைப் புறணிதான் மாற்று வழி தேடுகிறது, பொறுத்திருக்கச் சொல்கிறது, நாளையை நினைத்துப் பார்க்கிறது. கடும் மன அழுத்தத்தில் நார்அட்ரினலின், டோபமின் என்ற மூளை வேதிப்பொருள்கள் அளவுக்கு மீறிச் சுரக்கும்போது அந்தப் பகுதியின் நரம்பு இணைப்புகள் தளர்ந்துபோகின்றன. ஆபத்தை உணரும் அமிக்டலாவின் கை ஓங்குகிறது. எவ்வளவு படித்தவராக, தைரியசாலியாக இருந்தாலும் இது நடக்கும். பத்து வழிகள் இருந்தாலும் அவர் கண்ணுக்கு ஒன்றுதான் தெரியும். இதைக் கோழைத்தனம் என்று பேசுவோர் மீது எனக்குக் கோபமே வருகிறது.

ஆனால் இந்த உச்சநிலை நீடிப்பதில்லை. தற்கொலைக்கு முயன்று சிகிச்சைக்கு வந்த 82 பேரிடம் ஆஸ்திரியாவில் நடத்திய ஆய்வு 2009இல் வெளியானது. எண்ணம் எழுந்ததிலிருந்து முயற்சி வரை பத்து நிமிடமோ அதற்கும் குறைவாகவோதான் ஆனது என்று அவர்களில் கிட்டத்தட்ட பாதிப் பேர் சொன்னார்கள். கேட்கப் பயமாக இருந்தாலும், அந்தச் சிறிது நேரத்தைக் கடத்த முடிந்தால் உயிர் தங்கும் என்பதும் இதற்குள்ளேயே இருக்கிறது.

எனவே முதல் வேலை, தன்னைக் காயப்படுத்திக்கொள்ள அவர் எதை நினைத்திருக்கிறாரோ அதை எட்டாத இடத்துக்குக் கொண்டுபோவது. "ஒரு வழியை அடைத்தால் இன்னொன்றைத் தேடிப் போவார்" என்பார்கள். கடைசி நொடியில் தடுத்து நிறுத்தப்பட்ட 515 பேரை அமெரிக்க ஆய்வாளர் ரிச்சர்ட் சைடன் பல ஆண்டுகள் கழித்துத் தேடிப் பார்த்தார். சுமார் 94 விழுக்காட்டினர் உயிரோடு இருந்தார்கள், அல்லது இயற்கையாக இறந்திருந்தார்கள். 1978இல் வந்த முடிவு இது.

உதவி எண்ணை அழைத்தால் என்ன ஆகும் என்ற பயத்திலேயே பலர் அழைப்பதில்லை. மறுமுனையில் இருப்பவர் பொதுவாக அறிவுரையில் தொடங்குவதில்லை. "இப்ப எங்க இருக்கீங்க? பக்கத்துல யாராவது இருக்காங்களா?" என்று கேட்பார். பிறகு சுற்றி வளைக்காமல், "செத்துடலாம்னு தோணுதா?" என்பார். அதற்கு என்ன வழி யோசித்திருக்கிறார் என்றும் கேட்பார். அழைத்தவர் அழுதால் அழவிடுவார், பேசாமல் இருந்தால் காத்திருப்பார். உணர்ச்சிக்குப் பெயர் சொல்லும்போது அமிக்டலாவின் கொந்தளிப்பு தணிவதை மூளை ஸ்கேன் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. "பயமா இருக்கு" என்று வாய்விட்டுச் சொல்வதே கொஞ்சம் மருந்துதான்.

நேரடியாகக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்ற தயக்கம் வீட்டாருக்கு எப்போதும் உண்டு. நியூயார்க்கில் 2,342 பள்ளி மாணவர்களிடம் இதைச் சோதித்தார்கள். ஆய்வு 2005இல் வெளியானது. கேட்கப்பட்டவர்களுக்குக் கேட்கப்படாதவர்களைவிட மனவேதனையோ அந்த எண்ணமோ கூடவில்லை. தயங்காமல் கேளுங்கள். கேட்டபின் அவரைத் தனியே விடாதீர்கள். "உனக்கென்ன குறை?" என்று மட்டும் ஆரம்பித்துவிடாதீர்கள்.

ஏற்கெனவே காயப்படுத்திக்கொண்டிருந்தாலும், ஏதாவது விழுங்கியிருந்தாலும், செத்துப்போ என்று காதில் குரல் கேட்கிறது என்றாலும் பேச்சுக்கு நேரமில்லை. உடனே ஆம்புலன்ஸ், இல்லையென்றால் அவசர சிகிச்சைப் பிரிவு. மற்ற நேரங்களில் அழைக்க: இந்தியாவில் 14416, இலங்கையில் 1926, சிங்கப்பூரில் 1767, பிரிட்டனில் 116 123, அமெரிக்காவிலும் கனடாவிலும் 988. உங்கள் நாட்டு எண்ணை இப்போதே செல்போனில் சேமித்து வையுங்கள்; தேவைப்படும் நேரத்தில் தேடும் தெம்பு இருக்காது.

அதே காரணத்தால்தான் பாதுகாப்புத் திட்டத்தையும் முன்கூட்டியே எழுதி வைக்கச் சொல்கிறார்கள். உளவியலாளர்கள் பார்பரா ஸ்டான்லியும் கிரகரி பிரவுனும் உருவாக்கிய முறை அது. "தூக்கம் போச்சுன்னா, யாரையும் பார்க்கப் பிடிக்கலன்னா எனக்கு மோசமாகப் போகுதுன்னு அர்த்தம்" என்பது போலத் தன் எச்சரிக்கை அறிகுறிகளில் தொடங்கி, அப்போது தானே செய்யக்கூடியது, போய் உட்காரக்கூடிய இடம், கூப்பிடக்கூடிய ஆட்கள், மருத்துவர் எண் என்று ஒரே தாளில் வரிசையாக எழுதுவது. சிந்திக்க முடியாத நேரத்துக்காக, சிந்திக்க முடிந்த நேரத்தில் செய்துவைக்கும் ஏற்பாடு. அமெரிக்க முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுகளில், நோயாளிகள் இந்தத் திட்டத்தோடு வீட்டுக்குப் போன பிறகும் அவர்களைத் தொலைபேசியில் விசாரித்து வந்தார்கள். அடுத்த ஆறு மாதங்களில் தற்கொலை சார்ந்த செயல்கள், வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைவிடச் சுமார் 45 விழுக்காடு குறைவாக இருந்தன என்கிறது 2018 ஆய்வு.

மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய முதல் சில வாரங்கள்தான் ஆபத்து மிகுந்தவை. "சரியாகிவிட்டது" என்று எல்லோரும் மூச்சு விடும் நேரமும் அதுதான். மனநல மருத்துவர் ஜெரோம் மோட்டோ, தொடர் சிகிச்சை வேண்டாம் என்று சொல்லிவிட்டவர்களில் ஒரு பகுதியினருக்கு ஐந்து ஆண்டுகள் சின்னக் கடிதங்கள் அனுப்ப ஏற்பாடு செய்தார். நலமா, எங்களுக்கு எழுத விரும்பினால் எழுதுங்கள் என்ற அளவுதான். பதில் எழுதியே ஆக வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. கடிதம் கிடைத்தவர்களிடையே முதல் இரண்டு ஆண்டுகளில் தற்கொலை குறைவாக இருந்தது. இன்று அதையே குறுஞ்செய்தியிலும் செய்து பார்க்கிறார்கள்.